வெள்ளச்சிக்கும் குடும்பக் கட்டுப்பாடு

மும்பையில் தாராவி என்ற பகுதி இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அவற்றில் ஒரு குடும்பம் இட்லி வியாபாரம் செய்கிறது. வீட்டில் எப்போதும் அரிசி மூட்டையும் உளுந்து மூட்டையும் இருக்கும். எலித் தொல்லையும் இருந்தது. அதனால் ஒரு பெண் பூனையை வளர்த்தார்கள். அதன் பெயர் வெள்ளச்சி.

வெள்ளச்சி வந்த பிறகு எலிகள் குறைந்தன. ஆனால் பூனைகள் பெருகின. ஒரே ஆண்டில் வெள்ளச்சி 3 முறை குட்டி போட்டது. மொத்தம் 12 குட்டிகள். அக்கம்பக்கத்தார் 2 குட்டிகளை எடுத்துக்கொண்டார்கள். 3 குட்டிகள் வண்டியில் அடிபட்டன. 5 குட்டிகள் நோயில் இறந்தன. மீதி 2 குட்டிகள் வீட்டில் இருந்தன. வெள்ளச்சி எலும்பும் தோலுமாகிவிட்டது.

"குட்டிகளைச் சாக்கில் கட்டி மார்க்கெட்டில் விட்டுவிடுங்கள் அக்கா" என்றாள் அடுத்த வீட்டுப் பெண்.

"கருத்தடை மாத்திரை வாங்கிப் பாலில் கலந்து கொடுங்கள்" என்றாள் இன்னொருத்தி.

வீட்டுக்கார அம்மாவுக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. வெள்ளச்சியைக் கூடையில் வைத்து மூடினார். கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு பெண் மருத்துவர் இருந்தார். பேச்சு இந்தியில் நடந்தது.

"டாக்டரம்மா, இது எத்தனை முறைதான் குட்டி போடும்?"

"பூனைக்குச் சினைக்காலம் 2 மாதம்தான் அம்மா. ஒரு முறைக்கு 3 முதல் 5 குட்டிகள் போடும். குட்டிகள் பால் குடிக்கும்போதே தாய் மறுபடி சினையாகிவிடும். பிறந்த குட்டியும் 6 மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். சில குட்டிகள் 4 மாதத்திலேயே வந்துவிடும்."

"பருவத்துக்கு வந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?"

"ஓயாமல் கத்தும். தரையில் புரளும். பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இது நோய் இல்லை. ஆண் பூனையைத் தேடுகிறது. சினையாகாவிட்டால் சில வாரங்களில் மறுபடியும் இப்படியே கத்தும்."

"மாத்திரை கொடுக்கலாமா?"

"கூடாது அம்மா. அந்த மாத்திரையால் பூனையின் கருப்பையில் சீழ் பிடிக்கலாம். மார்பில் கட்டி வரலாம். கருத்தடை அறுவைதான் நல்ல வழி."

அம்மா சற்றுத் தயங்கினார். பிறகு மனதில் இருந்ததைக் கேட்டார்.

"வாயில்லாச் சீவன். அதன் வயிற்றைக் கிழிப்பது பாவம் இல்லையா?"

"பிறந்த குட்டிகள் 12. செத்தவை 8. அது பாவம் இல்லையா அம்மா?" என்று மருத்துவர் மெதுவாகக் கேட்டார்.

அம்மா பதில் சொல்லவில்லை. வெள்ளச்சியின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"எப்போது கொண்டுவரட்டும்?" என்றார்.

"குட்டிகள் பால் மறக்கட்டும். தாய்க்குப் பால் வற்றட்டும். அதுவரை ஆண் பூனையை அண்டவிடாதீர்கள். வெள்ளச்சியை வீட்டுக்குள்ளேயே வையுங்கள்."

அறுவையில் என்ன செய்கிறார்கள்?

முதலில் பூனைக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். அறுக்கும்போது அதற்கு வலி தெரியாது. பெண் பூனைக்குச் சினைப்பையையும் கருப்பையையும் எடுத்துவிடுவார்கள். பிறகு அது சினையாகாது. ஆண் பூனைக்கு விதைகளை எடுப்பார்கள். இது சிறிய அறுவை. அதன் பிறகு ஆண் பூனை ஊர் சுற்றுவது குறையும். சண்டையும் காயமும் குறையும். சுவரில் நாற்றமுள்ள சிறுநீரைப் பீய்ச்சுவதும் குறையும். ஆனால் அறுவைக்குப் பிறகும் சில வாரங்கள் அதைப் பெண் பூனையுடன் சேரவிடக் கூடாது. அப்போதும் பெண் பூனை சினையாகலாம்.

பொதுவாக 4 முதல் 6 மாத வயதில் இந்த அறுவையைச் செய்யலாம்.

சிலர் சொல்வதும் உண்மையும்

"ஒரு முறையாவது குட்டி போட வேண்டும்" என்பார்கள். தேவையில்லை. ஒரு வயதுக்குள் அறுவை செய்தால் மார்புப் புற்றுநோய் வருவது வெகுவாகக் குறையும்.

"பிறகு எலி பிடிக்காது" என்பார்கள். தவறு. எலி பிடிக்கும் குணம் போகாது. ஆனால் உடல் பருக்கலாம். தீனியை அளவாகக் கொடுக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. அறுவைக்கு முன் எத்தனை மணி நேரம் தீனி கொடுக்கக் கூடாது என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதன்படி செய்யுங்கள்.

2. அறுவைக்குப் பின் 10 முதல் 14 நாள் பூனையை வீட்டுக்குள் வையுங்கள். புண் நனையக் கூடாது. பூனை புண்ணை நக்கக் கூடாது.

3. மனிதர் சாப்பிடும் வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பாரசிட்டமால் பூனைக்கு விஷம். அது உயிரைக் கொல்லும்.

4. அறுவை செய்யாத பெண் பூனை சோர்ந்து படுக்கிறதா? நிறையத் தண்ணீர் குடிக்கிறதா? வயிறு வீங்கியிருக்கிறதா? பின்பக்கம் சீழ் வடிகிறதா? கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தாமதித்தால் பூனை இறந்துவிடும்.

5. வெறிநோய் பூனைக்கும் வரும். அதற்குத் தடுப்பூசி போடுங்கள். பூனை கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

விலங்குகளைக் கொடுமை செய்வதைத் தடுக்க 1960ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அது இந்தியா முழுவதற்கும் பொது. வளர்த்த விலங்கைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது குற்றம். குட்டிகளைச் சாக்கில் கட்டி வீசுவது கொடுமை மட்டும் அல்ல, சட்டத்துக்கும் விரோதம்.

சொல் அறிவோம்

சினை – விலங்கின் கர்ப்பம்
சினைப்பை – கருமுட்டை உண்டாகும் உறுப்பு
அறுவை – ஆபரேஷன்

படித்தோம், பதில் சொல்வோம்

1. பூனையின் சினைக்காலம் எத்தனை மாதம்?
2. பூனைக்குக் கருத்தடை மாத்திரை ஏன் கொடுக்கக் கூடாது?
3. ஒரு பெண் பூனை ஆண்டுக்கு 3 முறை, முறைக்கு 4 குட்டிகள் போடுகிறது. 2 ஆண்டில் எத்தனை குட்டிகள்?

கூடிப் பேசுவோம்

உங்கள் தெருவில் எத்தனை பூனைகள் இருக்கின்றன? பக்கத்தில் கால்நடை மருத்துவமனை எங்கே இருக்கிறது? அங்கே பூனைக்குக் கருத்தடை அறுவை செய்கிறார்களா? என்ன செலவாகும்? இருவர் போய் விசாரித்து வாருங்கள். தெரிந்துகொண்டதை எழுதி, மையத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.