டெங்ராவும் நம் கெளுத்தியும்

கொல்கத்தா மீன் கடைகளில் 'டெங்ரா' என்று விற்கும் சிறு மீனைக் கண்டதும் "அட, நம் ஊர்க் கெளுத்தி!" என்கிறோம். பாதிதான் சரி. டெங்ரா என்பது ஒரே மீனின் பெயரன்று. பல வகைகளுக்குப் பொதுப்பெயர். உப்பங்கழியில் வளரும் 'நோனா டெங்ரா'வும் அதில் அடக்கம். கோடு போட்ட இரண்டு நன்னீர் வகைகளை மட்டும் இங்கே பார்ப்போம். சைவ அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்!

இரண்டுக்கும் செதில் கிடையாது. வாயைச் சுற்றி நான்கு ஜோடி மீசை; செவுளுக்குப் பின்னால் கரும்புள்ளி; உடம்பில் நீளவாக்கில் கோடுகள். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், செத்த மீனில் கோடு மங்கிவிடும். முதுகைப் பாருங்கள். முள்ளுள்ள முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே முள்ளில்லாத சதைத் துடுப்பு ஒன்று இருக்கும். அது நீண்டு, முன்துடுப்பை ஒட்டினாற்போல் தொடங்கினால் 'மிஸ்டஸ் டெங்காரா'. குட்டையாக, நன்றாக இடைவெளி விட்டுத் தொடங்கினால் 'மிஸ்டஸ் விட்டாட்டஸ்'. அளவுகோல் வேண்டாம், கண்ணே போதும்.

முன்னதற்கு வங்காளப் பெயரையே வைத்து 1822-இல் தம் கங்கை மீன்கள் நூலில் எழுதியவர் பிரான்சிஸ் ஹாமில்டன். பின்னதைப் பெர்லின் மருத்துவர் பிளாக் 1794-இலேயே விவரித்துவிட்டார். அவருக்கு அந்த மீன் கிடைத்தது எங்கிருந்து தெரியுமா? நம் தரங்கம்பாடியிலிருந்து!

ரயில்வேயில் பொறியாளராக இருந்த எனக்கு மிகவும் பிடித்தது இதன் முள்தான். முதுகில் ஒன்று, மார்புத் துடுப்புகளில் இரண்டு. மார்பு முள்ளின் உள்விளிம்பு ரம்பப் பல். முள்ளை விரித்ததும் அதன் அடிப்பாகம் தோள் எலும்பின் பள்ளத்தில் உராய்ந்து இறுகிவிடும். ரயில் கடக்கும்போது பாயிண்டில் நாக்குத் தண்டவாளம் அசையாதபடி பூட்டுகிறோமே, அதே வேலை. விழுங்க வந்த பறவை திண்டாட வேண்டியதுதான்.

செத்த பிறகும் அந்த முள் விறைத்து நிற்கும். ஆகவே கழுவுமுன் மூன்று முள்ளையும் கடைக்காரரிடமே வெட்டித் தரச் சொல்லுங்கள். குழந்தைகளைத் தொட விடாதீர்கள். குத்திவிட்டால் சோப்பு போட்டுக் கழுவி, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணிக்குக் குறையாமல் கையை வைத்திருந்தால் வலி குறையும். சூட்டை முதலில் குத்துப்படாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள். முள் முறிந்து உள்ளே தங்கினாலோ, வீக்கம் ஏறினாலோ டாக்டரிடம் போக வேண்டும். டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள்.