டிரெய்லர் விளக்கு எரியவில்லையா? பல்பை மாற்றுமுன் எர்த்தைப் பாருங்கள்

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் ஆலைக்குச் செல்லும் சாலைகளில் இரவு முழுவதும் டிராக்டர்கள் ஓடும். பாரம் ஏற்றிய டிராக்டர் மெதுவாகத்தான் செல்ல முடியும். பின்னால் மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் பஸ், ஒரு விநாடிக்குள் சுமார் 17 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடுகிறது. டிரெய்லரின் பின்புறம் சிவப்பு விளக்கு எரியாவிட்டால், முன்னால் பாரவண்டி போவது மிக அருகில் வந்த பிறகே அதன் டிரைவருக்குத் தெரியும். இரு சக்கர வண்டியில் வருபவருக்கோ உயிருக்கே ஆபத்து.

விளக்கு எரியவில்லை என்றதும் பலர் புது பல்பு வாங்கிப் போடுகிறார்கள். அதுவும் எரியாவிட்டால் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆனால் டிரெய்லரைப் பொறுத்தவரை, எர்த் இணைப்பிலும் பிளக்கிலும் ஏற்படும் பழுதுகளே அதிகம். டிராக்டரில் ஆரம்பித்துப் பின்னோக்கி வரிசையாகச் சோதித்தால், பழுது எங்கே என்பதை விவசாயிகள் தாங்களே கண்டுகொள்ளலாம்.

தேவையான பொருள்கள்

12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை ஹோல்டரில் பொருத்தி, அதிலிருந்து இரண்டு நீளமான வயர்களை எடுத்துக் கொள்ளவும். இதுவே சோதனை விளக்கு. சிறிய பல்பைவிட இது நல்லது. இணைப்பு பலவீனமாக இருந்தால் மங்கலாக எரிந்து காட்டிக் கொடுக்கும். இத்துடன் 5 மீட்டர் வயர், உப்புத்தாள், இன்சுலேஷன் டேப் ஆகியவை போதும். வேலை தொடங்குமுன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை போடவும்.

முதல் சோதனை: டிராக்டர்

டிரெய்லரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, டிராக்டரின் சொந்த விளக்குகள் எரிகின்றனவா என்று பார்க்கவும். எரியாவிட்டால் பழுது டிராக்டரில்தான். பியூஸ், சுவிட்ச், பாட்டரி முனைகளைக் கவனிக்கவும்.

அவை எரிந்தால், பின்புறமுள்ள ஏழு துளை சாக்கெட்டுக்கு வரவும். சோதனை விளக்கின் ஒரு வயரைப் பெயிண்ட் இல்லாத டிராக்டர் இரும்பில் அழுத்திப் பிடித்து, மற்றொன்றை ஒவ்வொரு துளையிலும் வைக்கவும். இன்னொருவர் விளக்கு சுவிட்சையும் பிரேக்கையும் இண்டிகேட்டரையும் ஒவ்வொன்றாக இயக்கட்டும். வழக்கமாக 1 இடது இண்டிகேட்டர், 4 வலது இண்டிகேட்டர், 5ம் 7ம் பின் விளக்குகள், 6 பிரேக் விளக்கு, 3 எர்த். வயரிங் செய்தவர் மாற்றியிருக்கவும் கூடும். எனவே எண்ணையும் வயரின் நிறத்தையும் மட்டும் நம்பாமல் சோதித்தே அறியவும்.

பிறகு இரும்பில் வைத்த வயரை எடுத்து எர்த் துளையில் வைத்து, மீண்டும் மற்றத் துளைகளைச் சோதிக்கவும். முன்பு எரிந்த சோதனை விளக்கு இப்போது எரியாவிட்டால், சாக்கெட்டின் எர்த் வயர் அறுந்திருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது சோதனை: எர்த்

மின்சாரம் போனால் மட்டும் போதாது, திரும்பி வர வழி வேண்டும். பல டிரெய்லர்களில் இதற்கெனத் தனி வயர் இல்லை. டிரெய்லரை மாட்டும் கொக்கியும் பின்னுமே எர்த்தாக வேலை செய்கின்றன. அங்கே துருவும் கிரீஸும் மண்ணும் சேர்ந்தால் இணைப்பு விட்டு விட்டு வரும். குழியில் ஏறி இறங்கும்போது விளக்கு எரிவதும் அணைவதும் இதனால்தான். பிரேக் போட்டால் பின் விளக்கு மங்குவதும், இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்குகளும் சேர்ந்து மினுக்குவதும் எர்த் கோளாறின் அடையாளங்களே.

பிளக்கை மாட்டி விளக்கைப் போட்டுவிட்டு, 5 மீட்டர் வயரின் ஒரு முனையை டிராக்டர் இரும்பிலும், மறுமுனையை உப்புத்தாளால் தேய்த்த டிரெய்லர் சட்டத்திலும் அழுத்திப் பிடிக்கவும். விளக்குகள் பளிச்சென்று எரிந்தால் பழுது புரிந்துவிட்டது. கொக்கியை நம்பாமல், பிளக்கின் எர்த் முனையிலிருந்து டிரெய்லர் சட்டத்திற்குத் தனி வயர் போட்டு, சுத்தம் செய்த இடத்தில் போல்ட்டால் முறுக்கவும். ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் வயர் கொண்டு போனால் இன்னும் நல்லது.

ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால்

பல்பு, ஹோல்டர், அதற்குச் செல்லும் வயர் ஆகியவற்றைப் பார்க்கவும். ஹோல்டரில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் தேய்த்து எடுக்கவும். பின் விளக்கும் பிரேக் விளக்கும் ஒரே பல்பில் இருந்தால் அதற்கு இரண்டு இழைகள் உண்டு. ஒன்று போனாலும் மற்றது எரியும். ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் வழக்கத்தைவிட வேகமாக மினுக்கினால், அந்தப் பக்கத்து பல்பு ஒன்று போயிருக்கலாம்.

பியூஸ் அடிக்கடி போனால்

எங்கோ வயர் தேய்ந்து இரும்பில் படுகிறது. பிளக்கைக் கழற்றிப் புது பியூஸ் போட்டு விளக்கைப் போடவும். பியூஸ் நின்றால் பழுது டிரெய்லரில் உள்ளது. வயர் சட்டத்தின் விளிம்பில் உரசும் இடம், அச்சுக்கு மேலே, எலி கடித்த இடம் ஆகியவற்றைத் தேடவும். பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றுவது கூடவே கூடாது. வயர் உருகித் தீப்பிடிக்கும். காய்ந்த தோகையோ வைக்கோலோ ஏற்றிய வண்டியாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழுது வராமல் இருக்க

வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் ஒற்றைக் கம்பி வயர் அதிர்ச்சியில் ஒடிந்துவிடும். பல இழை கொண்ட வயரையே குழாய்க்குள் செலுத்திச் சட்டத்தோடு கட்டவும். டிரெய்லரைக் கழற்றும்போது பிளக்கை மண்ணில் போடாமல் மேலே தூக்கிக் கட்டி, பாலிதீன் பையால் மூடவும். பின்பலகையில் சிவப்புப் பிரதிபலிப்பு ஸ்டிக்கர் ஒட்டவும். விளக்கு திடீரென்று அணைந்தாலும் அது கைகொடுக்கும். ஆனால் அது விளக்குக்கு மாற்று அல்ல.

விளக்கு நன்றாக எரிந்தாலும், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு அதை மறைத்தால் பயனில்லை. ஆகவே பாரம் ஏற்றிய பிறகு, புறப்படுமுன் பத்தடி பின்னால் சென்று, விளக்கு, பிரேக், இண்டிகேட்டர் மூன்றையும் போடச் சொல்லி ஒருமுறை பார்க்கவும். வழியில் விளக்கு போய்விட்டால் சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி நிறுத்தி, சரி செய்த பிறகே பயணத்தைத் தொடரவும். ஒரு நடை தாமதமானால் மறுநாள் ஓட்டிக் கொள்ளலாம்.