மோட்டாருக்குள் ஒரு சர்க்யூட் போர்டு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ப்ராசசரின் வேகம் என்ன, ராம் எவ்வளவு, டிஸ்க் எத்தனை ஜி.பி. என்றெல்லாம் கேட்டுத் தெரிந்து கொள்கிறார்கள். இந்தப் பெட்டிக்குள் எத்தனை மோட்டார்கள் ஓடுகின்றன என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ப்ராசசரின் தலைமேல் ஒன்று, பவர் சப்ளைக்குள் ஒன்று, கேபினட்டின் பின்புறம் ஒன்று, ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதற்குள் ஒன்று. இவை ஒவ்வொன்றும் சிறிய சர்க்யூட் போர்டு ஒன்றை நம்பியே ஓடுகின்றன. அந்தப் போர்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என் சொந்த ஊர் பெரம்பலூர். எஞ்சினியரிங் முடித்துவிட்டு, கோயம்புத்தூரில் மோட்டார்களை இயக்கும் சிப்களுக்குப் புரோகிராம் எழுதும் வேலையில் இருக்கிறேன். கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, அரியலூரில் இருக்கும் சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. "தங்கச்சிக்கு வாங்கின கம்ப்யூட்டர் பத்து நிமிஷத்துல தானா அணைஞ்சு போகுதுப்பா. ஹால்ல மாட்டின புது ஃபேனும் நின்னு போச்சு. ஒரு வருஷம்கூட ஆகல" என்றார். தங்கைக்கு அடுத்த வாரம் கல்லூரி பிராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டும். முழு பிராஜெக்ட்டும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

அன்று மாலையே பஸ் ஏறினேன். இரண்டையும் கழற்றி மேசை மேல் வைத்துப் பார்த்தபோது, சீலிங் ஃபேனும் ப்ராசசர் ஃபேனும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது தங்கைக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டிலும் வைண்டிங் நன்றாக இருந்தது. இரண்டிலும் போர்டுதான் போயிருந்தது.

பழைய மோட்டாரும் புதிய மோட்டாரும்

உங்கள் வீட்டு மிக்ஸியில் கார்பன் பிரஷ் மாற்றியிருப்பீர்கள். சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொடுப்பதும், சரியான நேரத்தில் அதன் திசையை மாற்றுவதும் அந்தப் பிரஷ்ஷின் வேலை. அது தேயும், தீப்பொறி விடும், குறிப்பிட்ட காலத்தில் மாற்றியாக வேண்டும்.

பழைய சீலிங் ஃபேன் வேறு வகை. அதில் பிரஷ்ஷும் இல்லை, போர்டும் இல்லை. வைண்டிங்கும் ஒரு கண்டென்சரும் மட்டுமே. எனவேதான் இருபது வருடம் ஓடுகிறது. ஆனால் 75 வாட் அளவுக்கு மின்சாரம் எடுத்துக் கொள்கிறது.

மூன்றாவது வகை பி.எல்.டி.சி. எனப்படும் பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார். இதில் காந்தம் சுழலும், வைண்டிங் அசையாமல் இருக்கும். பிரஷ் செய்த வேலையை ஒரு சர்க்யூட் போர்டு செய்கிறது. காந்தம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஹால் சென்சார் என்ற சிறிய பாகம் சொல்லும். சில மோட்டார்களில் வைண்டிங்கில் உண்டாகும் மின்னழுத்தத்தை அளந்தே சிப் இதைக் கண்டுபிடிக்கும். அதற்கேற்ப மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சுகள் வைண்டிங்கிற்கு மாற்றி மாற்றி மின்சாரம் கொடுக்கும்.

கம்ப்யூட்டரில் உள்ள ஃபேன்களும் ஹார்ட் டிஸ்க்கைச் சுழற்றும் மோட்டாரும் பல ஆண்டுகளாக இந்த வகைதான். வீட்டுக் கூரைக்கு இது வந்தது பின்னர்தான். 2012ஆம் ஆண்டு கோயம்புத்தூரின் வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 35 வாட்டில் ஓடும் சூப்பர்ஃபேனை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஐ.ஐ.டி. பாம்பேயில் படித்தவர்கள் தொடங்கிய ஆட்டம்பெர்க் நிறுவனம் 2015ல் 28 வாட் ஃபேனுடன் வந்தது. சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திர முத்திரை 2023 ஜனவரி முதல் கட்டாயமான பிறகு, இவை எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைக்கின்றன.

கணக்கைப் பாருங்கள். 75 வாட்டுக்குப் பதில் 28 வாட் என்றால் மிச்சம் 47 வாட். தினமும் 12 மணி நேரம் ஓடினால் வருடத்திற்கு சுமார் 205 யூனிட் மிச்சம். ஆனால் ஒரு வருடத்தில் போர்டு போய், புது ஃபேனே வாங்க வேண்டியிருந்தால் இந்த மிச்சத்திற்கு அர்த்தம் இல்லை. பி.எல்.டி.சி. மோட்டாரின் ஆயுள் என்பது பெரும்பாலும் அதன் போர்டின் ஆயுள்தான்.

போர்டுக்கு எதிரிகள் யார்?

உங்கள் மதர்போர்டு ஓரிடத்தில் அசையாமல் அமர்ந்திருக்கிறது. மோட்டாருக்குள் இருக்கும் போர்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெப்பத்துக்கும் அதிர்வுக்கும் நடுவில்தான் அது வேலை செய்ய வேண்டும். எதிரிகளையும், அவற்றைச் சமாளிக்க வடிவமைப்பாளர்கள் செய்வதையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் எதிரி, வெப்பம். போர்டில் உள்ள எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சருக்குள் ஒரு திரவம் இருக்கிறது. வெப்பம் ஏற ஏற அது காய்ந்து போகும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும், பத்து டிகிரி குறைந்தால் இரு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. 105 டிகிரி செல்சியஸில் 2000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட கண்டென்சர், 65 டிகிரியில் 32,000 மணி நேரம் உழைக்கும். தினமும் 12 மணி நேரம் என்றால் ஏழு வருடத்திற்கு மேல். அதே கண்டென்சர் 75 டிகிரியில் இருந்தால் மூன்றரை வருடத்தைச் சற்றுத் தாண்டும். அவ்வளவுதான். அரியலூர், பெரம்பலூர் பக்கம் கோடையில் வெளி வெப்பமே 40 டிகிரியைத் தொடும். ஓட்டு வீட்டின் கூரைக்கு அடியில் தொங்கும் ஃபேனுக்கு இது வாழ்வா சாவா என்ற கணக்கு. எனவே நல்ல வடிவமைப்பில் கண்டென்சரைச் சூடாகும் மாஸ்ஃபெட்டிலிருந்து தள்ளி வைப்பார்கள். மாஸ்ஃபெட்டின் சூட்டை மோட்டாரின் அலுமினிய உடலுக்குக் கடத்துவார்கள். போர்டில் செம்புப் பூச்சின் தடிமனை வழக்கமான 35 மைக்ரானுக்குப் பதில் 70 மைக்ரானாக வைப்பதும் உண்டு.

இரண்டாவது எதிரி, மின்னழுத்த ஏற்றம். இடி மழையின்போது கம்பியில் திடீர் ஏற்றம் வரும். தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்குள் 400 வோல்ட் வரைகூட வந்துவிடும். இதைத் தடுக்க போர்டின் நுழைவாயிலில் வேரிஸ்டர் என்ற பாகத்தை வைப்பார்கள். நீல நிறத்தில் வட்டமாக, மாத்திரை போல இருக்கும். வோல்டேஜ் எல்லை மீறினால் இது அதைத் தன் வழியாகத் திருப்பிக் கொள்ளும். நொடிப்பொழுது ஏற்றத்தைத்தான் இது தாங்கும். ஏற்றம் நீடித்தால் வேரிஸ்டரே எரிந்துவிடும். எனவே அதற்கு முன்னால் ஒரு ஃபியூஸும் இருக்க வேண்டும்.

சித்தப்பா வீட்டு ஃபேனின் போர்டில் வேரிஸ்டருக்கு இடம் அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் அந்த இடம் காலியாக இருந்தது! சில ரூபாய் மிச்சம் பிடிக்க, பாகத்தைப் பொருத்தாமலே விட்டிருக்கிறார்கள். ஃபேன் நின்றது இடி மழை பெய்த இரவுக்கு மறுநாள்.

மூன்றாவது எதிரி, தூசியும் ஈரமும். அரியலூர் வட்டாரம் சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. சாலையோர வீடுகளில் லாரி போகும்போதெல்லாம் தூசி உள்ளே வரும். காய்ந்த தூசி பெரிய தீங்கு செய்யாது. மழைக்காலத்து ஈரம் அதனுடன் சேரும்போதுதான், போர்டில் அருகருகே ஓடும் செம்புத் தடங்களுக்கு நடுவே மின்சாரம் கசியத் தொடங்கும். இதற்காக உயர் வோல்டேஜ் தடங்களுக்கு இடையே அதிக இடைவெளி விடுவார்கள். தேவையான இடத்தில் போர்டிலேயே ஒரு வெட்டு போடுவார்கள். போர்டு முழுவதும் வார்னிஷ் போன்ற ஒரு பூச்சும் அடிப்பார்கள். இன்னும் ஒரு படி மேலே போய், போர்டை முழுவதுமாக ரெசின் ஊற்றி மூடுவதும் உண்டு. அது தண்ணீரையும் அதிர்வையும் தாங்கும். ஆனால் உள்ளே ஒரு பாகம் கெட்டாலும் பிரித்துச் சரி செய்ய முடியாது.

நான்காவது எதிரி, அதிர்வு. இறக்கைகளில் ஒன்று சற்று வளைந்திருந்தாலும் ஃபேன் ஆடும். போர்டும் அதனுடன் ஆடும். கனமான பாகங்களின் சால்டரிங்கில் நாளடைவில் விரிசல் விழும். நல்ல போர்டில் பெரிய கண்டென்சர்களைச் சிலிக்கான் பசை கொண்டு பிடித்திருப்பார்கள். போர்டைக் குறைந்தது மூன்று இடங்களில் திருகு போட்டிருப்பார்கள். காகித அடிப்படையிலான மலிவான போர்டைவிடக் கண்ணாடி இழை போர்டு உறுதியானது. ஈரத்தையும் குறைவாகவே உறிஞ்சும்.

ஐந்தாவது எதிரி, முடக்கம். தங்கையின் ப்ராசசர் ஃபேனில் நடந்தது இதுதான். முன்பு ஒருமுறை ரிப்பேருக்குக் கொடுத்தபோது, பெயர் இல்லாத ஒரு மலிவான ஃபேனை மாற்றியிருந்தார்கள். பேரிங்கில் தூசி அடைத்துச் சுழல முடியாமல் நின்றிருக்கிறது. சுழலாத மோட்டாரில் மின்னோட்டம் கூடும். நல்ல ஃபேனில் உள்ள சிப் இதைக் கண்டுபிடித்து மின்சாரத்தை நிறுத்தும். சில நொடிகள் கழித்து மறுபடி முயன்று பார்க்கும். இந்தப் பாதுகாப்பு அந்த ஃபேனில் இல்லை. ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள அதன் போர்டில் சிப் இருந்த இடம் கருகிப் பழுப்பாகிவிட்டது. குளிர்ச்சி கிடைக்காத ப்ராசசர் தன்னைக் காத்துக் கொள்ள கம்ப்யூட்டரை அணைத்திருக்கிறது.

புரோகிராமுக்கும் பங்கு உண்டு

போர்டு உறுதியாக இருந்தால் மட்டும் போதாது. அதில் ஓடும் புரோகிராமும் கவனமாக எழுதப்பட வேண்டும். சீலிங் ஃபேனில் பொதுவாக ஆறு மாஸ்ஃபெட்டுகள், மேலும் கீழுமாக மூன்று ஜோடிகள் இருக்கும். ஒரு ஜோடியில் மேல் சுவிட்சும் கீழ் சுவிட்சும் ஒரே நேரத்தில் ஆன் ஆனால், மின்சாரம் வைண்டிங்கிற்குப் போகாமல் நேராகப் பாய்ந்து ஷார்ட் ஆகிவிடும். எனவே ஒன்றை அணைத்து, மிகச் சிறிய இடைவெளி விட்டுத்தான் மற்றதைத் திறக்க வேண்டும். அந்த இடைவெளி மைக்ரோ செகண்ட் அளவில் இருக்கும். மற்ற புரோகிராம்களில் தவறு நேர்ந்தால் எரர் மெசேஜ் வரும். இங்கே தவறு நேர்ந்தால் புகை வரும்.

மெதுவாகச் சுழற்சியைத் தொடங்குவது, சூடு கூடினால் வேகத்தைக் குறைப்பது, முடங்கினால் நிறுத்துவது ஆகியவையும் புரோகிராமின் வேலைகளே.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. கம்ப்யூட்டரின் பயாஸ் திரையில் ஃபேன் வேகம் காட்டப்படும். மூன்று பின் ஃபேனின் மூன்றாவது வயர், ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகள் வீதம் மதர்போர்டுக்கு அனுப்பும் செய்தி அது. நான்கு பின் ஃபேனில் நான்காவது வயர் வேகத்தைக் கட்டுப்படுத்தும். கம்ப்யூட்டர் புதிதாக இருக்கும்போதே இந்த எண்ணைக் குறித்து வையுங்கள். பின்னாளில் அது வெகுவாகக் குறைந்தால் ஃபேனைக் கவனியுங்கள்.

2. மூன்று மாதத்திற்கு ஒருமுறை கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, தூசியைச் சுத்தம் செய்யுங்கள். காற்று அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக் கொள்ளுங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். அணைத்த பிறகும் அதன் கண்டென்சர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

3. ஃபேன் மாற்றும்போது அளவும் பின் எண்ணிக்கையும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். முடக்கப் பாதுகாப்பு உள்ளதா என்றும் கேளுங்கள்.

4. சீலிங் ஃபேன் வாங்கும்போது வாட் எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை வோல்ட் வரை தாங்கும், போர்டுக்கு எத்தனை வருட வாரண்டி, போர்டு மட்டும் தனியாகக் கிடைக்குமா என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.

5. எந்தக் கம்ப்யூட்டரானாலும் முக்கிய ஃபைல்களுக்கு ஒரு பிரதி வேறு இடத்தில் இருக்கட்டும்.

என்ன ஆயிற்று?

கம்ப்யூட்டருக்கு நல்ல ஃபேன் ஒன்றை வாங்கி மாட்டினேன். தங்கையின் பிராஜெக்ட் பத்திரமாக இருந்தது. முதல் வேலையாக அதைப் பென் டிரைவில் பிரதி எடுக்க வைத்தேன்.

சீலிங் ஃபேனைப் பெரம்பலூரில் எங்களுக்குப் பழக்கமான வைண்டிங் கடைக்கு எடுத்துச் சென்றேன். கடைக்கார அண்ணன் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "வைண்டிங் அருமையா இருக்கு தம்பி. இதுல எனக்கு என்ன வேலை?" என்றார். இருபது வருடமாகக் கம்பி சுற்றியே பிழைப்பவர். மாதத்திற்கு நாலைந்து ஃபேன்களாவது இப்படித் திரும்பிப் போவதாகச் சொன்னார்.

திருச்சியிலிருந்து புது போர்டை வரவழைத்தோம். அவருடைய கடையிலேயே உட்கார்ந்து, காலியாக இருந்த இடத்தில் வேரிஸ்டரைச் சால்டர் செய்து, மேலே பூச்சும் அடித்தோம். வாரண்டி முடிந்துவிட்டதாலும், மின்னணு வேலை தெரிந்ததாலும் நாங்கள் இதைச் செய்தோம். புதியவர்கள் செய்து பார்க்க வேண்டாம். பழைய போர்டைக் குப்பையில் போடவில்லை. எந்தப் பாகம் ஷார்ட், எது நல்லது என்று மல்டிமீட்டரில் எப்படிப் பார்ப்பது என அதை வைத்தே அவருக்குக் காட்டினேன். அரை நாளில் பிடித்துக் கொண்டார்.

சென்ற மாதம் போன் செய்தார். தானாகவே ஒரு போர்டில் ஃபியூஸும் வேரிஸ்டரும் மாற்றி ஃபேனை ஓட விட்டதாகச் சொன்னார். "எல்லாப் போர்டையும் முடியாது தம்பி. ரெசின் ஊத்துனது வந்தா திருப்பி அனுப்பிடுறேன்" என்றார். அடுத்த முறை ஃபேன் வாங்கும்போது, அவரைப் போன்ற ஒருவரால் பிரித்துப் பார்க்கக்கூடிய போர்டா என்பதையும் கேட்டு வாங்குங்கள்.