கீழே விழுந்த குஞ்சை என்ன செய்வது?



கோடை தொடங்கியதும் நம் அறக்கட்டளைக்கு ஒரு கேள்வி வரத் தொடங்கும். பெரும்பாலும் பிள்ளைகளின் கேள்விதான். "மரத்தடியில் ஒரு குஞ்சு கிடக்கிறது, அம்மா இல்லை, என்ன கொடுக்க வேண்டும்?" என்பார்கள். மைனா, காகம், கொண்டைக்குருவி, சிட்டுக்குருவி என்று நம் ஊர்ப் பறவைகள் பலவும் பங்குனி, சித்திரையில் கூட்டில் குஞ்சு வைத்திருக்கும். வெயிலின் சூட்டிலும், பிறகு ஆடிக் காற்றிலும் குஞ்சுகள் கீழே வந்துவிடுவது சகஜம். ஸ்ரீரங்கத்துத் தென்னந்தோப்புகளிலும் காஜாமலைப் பக்கத்து வேப்பமரங்களிலும் பாலக்கரை ஓட்டு வீடுகளிலும் நாம் பார்ப்பதுதான்.

என்ன கொடுப்பது என்று கேட்கும் முன், அந்தக் குஞ்சு உண்மையிலேயே அநாதைதானா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இல்லை என்பதே விடை.

குஞ்சின் உடம்பைப் பாருங்கள். உடம்பெல்லாம் தோலாக, கண் மூடியபடி, அல்லது முள் முள்ளாக இறகு முளைக்கும் பருவத்தில் இருந்தால் அது கூட்டிலிருந்து தவறி விழுந்தது. அதற்கு உங்கள் உதவி தேவை. உடம்பு முழுக்க இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்தி நடந்து கிளையில் ஏற முயன்றால் அது விழுந்த குஞ்சு அல்ல. பறக்கப் பழகும் குஞ்சு. கொண்டைக்குருவியின் குஞ்சு ஏறக்குறைய பன்னிரண்டே நாளில் கூட்டை விட்டு இறங்கிவிடும். அப்போது அதற்குச் சரியாகப் பறக்கத் தெரியாது. செடிகளுக்குள் ஒளிந்துகொண்டு கத்தும். தாயும் தந்தையும் மாறி மாறி வந்து ஊட்டும். மைனாக் குஞ்சு கூட்டில் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கும். இறங்கிய பிறகும் பல நாள் பெற்றோரின் பின்னாலேயே கத்திக்கொண்டு திரியும். இந்தப் பருவத்துக் குஞ்சைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால், நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அது ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதுதான்.

தெருவில் போகிறவர் தலையில் காகம் கொத்துவதைச் சனி பிடித்ததாகவும் கெட்ட சகுனமாகவும் பேசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் அப்படிக் கொத்தினால் சுற்றுமுற்றும் பாருங்கள். வேலியோரத்திலோ வண்டிக்கு அடியிலோ ஒரு காக்கைக் குஞ்சு உட்கார்ந்திருக்கும். அதன் தாய் காவல் காக்கிறது, அவ்வளவுதான். இரண்டு நாள் அந்த வழியைச் சற்று விலகிப் போனால் போதும். காகம் ஊட்டிக்கொண்டிருக்கும் குஞ்சு குயிலாகவும் இருக்கலாம். குயில் கூடு கட்டுவதில்லை, காகத்தின் கூட்டில் முட்டையிடும். "காகத்திடமிருந்து குயில் குஞ்சைக் காப்பாற்றினோம்" என்று அதைக் கொண்டுவருபவர்களும் உண்டு. அந்தக் குயில் குஞ்சுக்கு உணவு தரும் ஒரே ஆள் அந்தக் காகம்தான்.

அபூதாவூதில் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி நம்மில் பலர் பயானில் கேட்டது. ஒரு பயணத்தில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகை அடித்துக்கொண்டு தவித்தது. நபி (ஸல்) அவர்கள் திரும்பி வந்து பார்த்ததும், இதன் பிள்ளையை எடுத்து இதைத் தவிக்க வைத்தது யார் என்று கேட்டு, குஞ்சுகளைத் தாயிடம் திருப்பிவிடச் சொன்னார்கள். இந்த ஹதீஸைப் பறவைகளிடம் இரக்கம் காட்டுவதற்கு ஆதாரமாகச் சொல்கிறோம். அதில் உள்ள கட்டளையையும் கவனியுங்கள். குஞ்சுகளை நன்றாக வளர்க்கச் சொல்லவில்லை. நல்ல தீனி கொடுக்கச் சொல்லவில்லை. தாயிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். பறவைகளை ஆராய்ந்தவர்களும் இன்று இதையே முதல் சிகிச்சையாகச் சொல்கிறார்கள்.

திருப்பிக் கொடுப்பது எப்படி?

கூடு தெரிந்தால், கைக்கு எட்டினால், குஞ்சைக் கூட்டிலேயே வைத்துவிடுங்கள். "மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது" என்ற பேச்சு நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது உண்மையல்ல. பறவை தன் குஞ்சை வாசனையை வைத்து ஒதுக்குவதில்லை. பசியோடு வாயைத் திறந்து கத்தும் குஞ்சுக்கு ஊட்டவே செய்யும். இந்தப் பேச்சை நம்பிப் பயந்து, குஞ்சைத் தொடாமலே வெயிலில் விட்டுவிட்டுப் போனவர்கள் பலர்.

கூடு கலைந்திருந்தால், அல்லது உயரத்தில் இருந்தால், சின்ன மூங்கில் கூடையோ பழைய பிளாஸ்டிக் டப்பாவோ எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்காதபடி அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, காய்ந்த புல் பரப்பி, அதே மரத்தில் நிழலான கிளையில் பூனை எட்டாத உயரத்தில் கட்டுங்கள். குஞ்சை வைத்துவிட்டு நீங்கள் விலகிவிட வேண்டும். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மரத்தடியிலேயே நின்றுகொண்டு "தாய் வரவே இல்லை" என்பார்கள். நீங்கள் நிற்கும் வரை அது வராது. ஜன்னல் வழியாகவோ எதிர்த் திண்ணையிலிருந்தோ ஒன்றிரண்டு மணி நேரம் பாருங்கள். பறவைகள் வந்து போவது சில நொடிதான், கண் இமைத்தால் தவறிவிடும்.

பறக்கப் பழகும் குஞ்சு ரோட்டில் இருந்தால் அருகிலுள்ள செடிக்குள்ளோ தாழ்ந்த கிளையிலோ தூக்கி வைத்தால் போதும். நம் வீடுகளில் பூனைக்குக் குறைவில்லை. அந்த இரண்டு மூன்று நாள் பூனையை வீட்டுக்குள் வைத்திருப்பது, எந்த மருந்தையும் விடப் பெரிய உதவி.

உண்மையிலேயே அடிபட்டிருந்தால்

இறக்கை தொங்கினால், ரத்தம் வந்தால், எறும்பு மொய்த்தால், பூனையின் வாயிலிருந்து மீட்டிருந்தால், அல்லது தாய் செத்துக் கிடப்பதை நீங்களே கண்டிருந்தால், அந்தக் குஞ்சுக்கு மருத்துவரும் வனத்துறையும் தேவை. அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு.

செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றில் காற்றுக்கு ஓட்டை போட்டு, பழைய கைலித் துணியைக் கிண்ணம் போல மடித்து உள்ளே வையுங்கள். டர்க்கி டவல் வேண்டாம், அதன் நூலில் நகம் சிக்கிக்கொள்ளும். குஞ்சை வைத்து மூடி, சத்தமில்லாத இருட்டான இடத்தில் வையுங்கள். இறகு முளைக்காத குஞ்சால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. மழை நாளிலும் இரவிலும் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வைக்கலாம். சித்திரை வெயிலில் நிலைமை தலைகீழ். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம் என்று பொருள். நிழலும் காற்றும் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது, பிள்ளைகள் கையில் வைத்துக் கொஞ்சுவது, போட்டோ எடுப்பது எல்லாம் அதற்குப் பயத்தைத்தான் கூட்டும். பயத்திலேயே பறவை இறந்துவிடும்.

பூனையின் பல் பட்ட குஞ்சு நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். பூனையின் எச்சிலில் உள்ள கிருமி ஊசி முனையளவு காயத்தின் வழியாகவும் ரத்தத்தில் கலந்துவிடும். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டினால் மருந்து கொடுப்பார். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் பெரும்பாலும் பிழைக்காது.

தண்ணீரும் பாலும் வேண்டாம்

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நாம் முதலில் செய்வதே இதுதான். ஃபில்லரில் தண்ணீர் எடுத்து வாயில் விடுகிறோம். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. நாம் விடும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். தாகம் தீர்க்கப் போய் மூச்சை அடைத்துவிடுவோம். குஞ்சுக்கு வேண்டிய ஈரம் தாய் கொண்டுவரும் இரையிலேயே இருக்கிறது. பால் எந்தப் பறவைக்கும் செரிக்காது. பாலில் ஊறிய ரொட்டியும் சோற்றுப் பருக்கையும் வயிற்றை நிரப்பும், வளர்க்காது. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டுகிறது. புறாவோ தன் தொண்டைப்பையில் சுரக்கும் தயிர் போன்ற ஒன்றை ஊட்டும். எந்தக் குஞ்சுக்கு எது என்று தெரியாமல் ஊட்டுவதைவிட, ஓரிரு மணி நேரம் பசியோடு பத்திரமாக வைத்திருந்து, தெரிந்தவரிடம் சேர்ப்பதே மேல்.

நாமே வளர்த்துவிடலாமே என்று கேட்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்னக் குஞ்சுக்கு விடிந்ததிலிருந்து மஃரிப் வரை அரை மணிக்கு ஒருமுறை, சிலதுக்கு அதைவிட அடிக்கடி ஊட்ட வேண்டும். அப்படியே வளர்த்தாலும் அது நம்மைத் தன் இனமாக நினைத்துக்கொள்ளும். எதைத் தின்பது, எதைக் கண்டு ஓடுவது என்று அதற்குத் தாய்தான் கற்றுத்தர முடியும். கற்காமல் வெளியே விட்டால் முதல் பூனையிடமே போய் உட்காரும்.

சட்டமும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளி, மைனா, ஆந்தை போன்ற நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். கூட்டைக் கலைப்பதும் முட்டையை உடைப்பதும்கூட அதில் வேட்டை என்ற கணக்கில் வரும். (கடையில் விற்கும் லவ் பேர்ட்ஸ் வெளிநாட்டுப் பறவை, அது வேறு.) அடிபட்ட பறவை உங்கள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ தெரிவித்துவிடுங்கள். உதவி செய்யப் போய் வழக்கில் மாட்டுவோமோ என்ற பயம் வேண்டாம். சொல்லாமல் கூண்டில் வைத்துக்கொள்வதுதான் பிரச்சினை. திருச்சி மாவட்ட வன அலுவலகத்துக்குப் பேசுங்கள். காயமிருந்தால் முதலில் அரசு கால்நடை மருத்துவமனை. குஞ்சு கிடந்த இடத்தையும் நேரத்தையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பெட்டியில் ஒட்டிக் கொடுங்கள். குணமான பிறகு அதே இடத்தில் விட அது உதவும். பறவையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் தொடாமல் கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

இரண்டு பறவைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று கூகை. பழைய கட்டடத்தின் பரணிலும் கோபுரப் பொந்திலும் முட்டையிடும். குஞ்சுகள் சீறுவதைக் கேட்டுப் பாம்பு என்று அலறுவார்கள். வெள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு, அபசகுனம் என்று தள்ளிவிடுவார்கள். சகுனம் பார்ப்பதை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. எலி தின்னும் இந்தப் பறவை வந்து உட்காரட்டும் என்றுதான் நம் டெல்டா விவசாயிகள் வயலில் தாங்கி நட்டு வைக்கிறார்கள். இரண்டு மாதம் பரணைப் பூட்டி வைத்தால் தானாகப் பறந்துவிடும்.

மற்றொன்று உழவாரக் குருவி. பழைய மண்டபங்களின் விதானத்தில் கூடு கட்டும். நீண்ட இறக்கை, மிகச் சிறிய கால். வளர்ந்த பறவையே தரையில் விழுந்தால் எழும்பிப் பறக்கச் சிரமப்படும், குஞ்சு என்று நினைத்துவிடுவோம். காயமில்லை என்றால் திறந்த வெளியில் உள்ளங்கையில் வைத்து உயர்த்திப் பிடியுங்கள். மேலே வீசக் கூடாது. முடிந்தால் தானே கிளம்பும், இல்லையென்றால் அட்டைப்பெட்டிதான்.

தென்னை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் தோப்புகளில் கொண்டை இல்லாத மொட்டைத் தென்னையை வெட்டித் தள்ளும்போது பொந்திலிருந்து கிளிக்குஞ்சுகள் விழும். தை முதல் சித்திரை வரை கிளிகள் அந்தப் பொந்துகளில்தான் இருக்கும். குஞ்சு பறக்க ஆறேழு வாரம் ஆகும். விழுந்தவை விற்பனைக்குப் போய்விடும். அவற்றைக் காசு கொடுத்து வாங்கிப் பறக்கவிட்டால் நன்மை என்று நினைப்பவர்கள், அடுத்த பொந்தில் கை விடுபவருக்குக் கூலி கொடுக்கிறார்கள். வெட்டுவதற்கு முன் மரமேறுபவரிடம் பொந்தில் சத்தம் வருகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். வந்தால் வெட்டுவதை ஆனி மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள். மொட்டை மரம் அதுவரை நிற்பதால் தோப்புக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.