கன்றோடு வரும் வாடல்

அன்புள்ள கயல்,

தண்ணீர் பாய்ந்தும் ரஸ்தாளி வாழையின் அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்குவதாக எழுதியிருந்தாய். பக்கத்துப் பூவன் பச்சையாகவே நிற்கிறதாமே! நீ அதைக் கவனித்ததுதான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பனாமா வாடல் நோயின் ஒரு வகை ரஸ்தாளியை வீழ்த்தும், பூவன் அதைத் தாங்கும்.

இந்த நோயில் ஃபுசேரியம் என்ற பூஞ்சை மண்ணிலிருந்து வேருக்குள் புகுந்து, நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. வாடிய மரத்தின் கிழங்கை அப்பா வெட்டினால் செம்பழுப்புக் கறை தெரியும். மரத்துக்குள் புகுந்த பிறகு எந்த மருந்தும் அதைக் காப்பாற்றாது. மண்ணிலோ பூஞ்சையின் வித்துகள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும்.

மத்திய அமெரிக்காவில் ஒரு காலத்தில் குரோ மிஷெல் என்ற ஒரே ரகத்தைத்தான் ஏற்றுமதிக்குப் பயிரிட்டார்கள். தோட்டம் வாடினால் காட்டை அழித்துப் புது நிலத்துக்குப் போனார்கள். கொண்டுபோன கன்றிலேயே நோயும் போனது. கன்றிலிருந்து வளர்வதால் எல்லா மரமும் ஒரே மரத்தின் நகல். ஒன்றை வீழ்த்தும் பூஞ்சை எல்லாவற்றையும் வீழ்த்தும். 1960-களில் அந்த ரகத்தைக் கைவிட்டு, நோயைத் தாங்கும் கேவண்டிஷுக்கு மாறினார்கள். ஆனால் மறுபடியும் ஒரே ரகம்தான்! அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். கேவண்டிஷையும் கொல்லும் புது வகை தைவானில் தலைகாட்டியது. 2013-இல் மொசாம்பிக், 2019-இல் கொலம்பியா என்று கடல் தாண்டியது. நம் நாட்டில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கண்டிருக்கிறார்கள்.

இந்தப் பூஞ்சையை ஊர்விட்டு ஊர் சுமப்பது பெரும்பாலும் நாம்தான். கன்று, மண்வெட்டி, டிராக்டர் சக்கரம், செருப்பில் ஒட்டிய சேறு எல்லாமே அதற்கு வண்டி. பாசன நீரிலும் போகும். ஆஸ்திரேலியாவின் டல்லியில் 2015-இல் ஒரு பண்ணையில் அந்தப் புது வகை தென்பட்டது. மறு ஆண்டு வாழை விவசாயிகளின் சங்கமே அந்தப் பண்ணையை வாங்கி, சாகுபடியை நிறுத்தியது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களைக் காக்க அவ்வளவு தூரம் போனார்கள்.

அப்பாவிடம் சொல்: வாடிய மரத்தை வாய்க்காலில் எறிய வேண்டாம். வேரோடு தோண்டி அங்கேயே அழித்து, குழியில் ஒன்றிரண்டு கிலோ சுண்ணாம்பு போடட்டும். அந்தத் தோட்டத்துக் கன்றை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது, சொந்தக்காரர் கேட்டாலும். திசு வளர்ப்புக் கன்று சுத்தமாக வரும், ஆனால் நோயுள்ள மண்ணில் நட்டால் அதுவும் வாடும். அதனால் அடுத்து அங்கே நெல் போடுங்கள். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. எது செய்வதற்கு முன்னும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பெரியப்பா