இடம் மாறிய சுரப்பிகள்

நம் கழுத்தின் முன்புறத்தே தைராய்டு என்னுஞ் சுரப்பி அமைந்திருத்தலைப் பலரும் அறிவர். அதன் பின்னே பருப்பளவினவாய், பெரும்பாலும் நான்கு சிறு சுரப்பிகள் ஒட்டிக் கிடக்கின்றன. இவையே பாராதைராய்டுகள் எனப்படும். சுவீடன் நாட்டு உப்சாலா நகரில் மருத்துவ மாணவராயிருந்த ஐவார் சாண்ட்ஸ்டிராம் என்பார் முதலில் நாயின் உடலிலும், பின்னர் மக்கள் உடலிலும் இவற்றைக் கண்டு, 1880-ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டார். இவை உருவிற் சிறியவேனும் தொழிலிற் பெரியவை. குருதியிலுள்ள சுண்ணச் சத்தின் அளவைக் காப்பன இவையே.

சிறுநீரகங்கள் பழுதுற்றவழி இவற்றிற்கு நேர்வது யாதென நோக்குவாம். கழியவேண்டிய பாஸ்பேட்டு குருதியில் தேங்குகின்றது. வைட்டமின் டி செயற்படு நிலை எய்துவது குறைகின்றது. அதனாற் சுண்ணச் சத்துத் தாழ்கின்றது. அக்குறையை நிரப்புவான் வேண்டிச் சுரப்பிகள் ஓயாது சுரந்து, நாளடைவிற் பருக்கின்றன. எலும்பினின்று சுண்ணம் உருவப்படுகின்றது. அஃது இரத்தக் குழாய்களிற் படிதலும் உண்டு. மருந்தால் அடங்காதவிடத்து அறுவையே வழியாகும்.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு உளது. கருவில் மேற்சுரப்பிகள் இரண்டும் நான்காம் தொண்டைப் பையினின்றும், கீழ்ச்சுரப்பிகள் இரண்டும் மூன்றாம் பையினின்றும் தோன்றுகின்றன. கீழ்ச்சுரப்பிகள் தைமஸ் சுரப்பியோடு கூடி நெடுவழி இறங்குவன. ஆதலின், சில தாடையருகே நின்றுவிடும். சில எல்லை கடந்து மார்புக்கூட்டினுட் புகும். மேற்சுரப்பிகளும் உணவுக்குழாயின் பின்னே மறைதல் உண்டு. சிலர்க்கு ஐந்தாவது சுரப்பியும் இருக்கும். சிறுநீரக நோயாளர்க்குச் சுரப்பிகள் யாவும் பருத்தல் இயல்பாதலின், ஒன்று தப்பினும் நோய் மீண்டும் தலையெடுக்கும்.

இதன் கொடுமையைச் சார்லஸ் மார்ட்டெல் என்னும் அமெரிக்கக் கப்பற்றலைவர் வரலாறு காட்டும். அவர்க்கு முதலில் நோயுற்றது சுரப்பியே; சிறுநீரகம் பின்னரே கெட்டது. எலும்பு நலிந்து உடல் குறுகிய அவர் கழுத்தில் ஆறு முறை அறுத்துத் தேடியும் பயனில்லை. அவரே மருத்துவ நூல்களைப் பயின்று, தம் மார்பினுள் தேடுமாறு வேண்டினார். 1932-இல் பாஸ்டன் நகரில் ஏழாம் அறுவையில் அங்கேயே கட்டி அகப்பட்டது. அந்தோ! சிறுநீரகக் கல்லால் நைந்த அவ்வுடல் சில வாரங்களில் வீழ்ந்தது.

இன்று கத்தி எடுக்குமுன்னரே தேடும் வழிகள் உள. ஒலியலைகளைச் செலுத்திக் கழுத்தைக் காணும் அல்ட்ராசவுண்டு எளிதாயினும், மார்பெலும்பின் பின்னுள்ளதைக் காட்டாது. 1989 முதல் வழக்கிற்கு வந்த செஸ்டமிபி என்னும் மருந்து சிறிது கதிரியக்கத்துடன் குருதியிற் செலுத்தப்படும். தைராய்டு அதனை விரைவில் விட்டுவிட, நோயுற்ற பாராதைராய்டோ நெடுநேரம் பற்றிநிற்கும். அவ்வொளிர்வே இருப்பிடத்தைச் சுட்டும். சி.டி. படம் அவ்விடத்தின் ஆழத்தையும் அண்டை உறுப்புக்களையும் தெளிவிக்கும்.

எனினும், பல சுரப்பிகள் ஒருங்கே பருத்தவிடத்துச் சிறியன படத்திற்குப் புலனாகாமற் போதலும் உண்டு. ஆகலின் ஒரு படத்தையே நம்பாது, இரண்டு மூன்றை ஒப்புநோக்கி, கருவில் அவை நடந்த வழியையும் உள்ளங்கொண்டு தேடுதலே மருத்துவர் கடன். படத்திற் காணாமை இன்மைக்குச் சான்றாகாது என்பது எக்கலை பயில்வார்க்கும் ஏற்ற பாடமன்றோ?