மறுவாழ்வு ஆலோசகர் பணி: தொடக்க நிலையினருக்கு ஒரு பாடம்

தென்னை மரத்திலிருந்து தவறி விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவர்களைக் கேரளத்தில் காண்பது அரிதன்று. மருத்துவர் அத்தகையவரின் உயிரைக் காக்கிறார். இயன்முறைச் சிகிச்சையாளர் சக்கர நாற்காலியில் இயங்கப் பழக்குகிறார். ஆயினும், இனி எத்தொழில் செய்து குடும்பத்தைக் காப்பது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அவருடன் அமர்ந்து அதற்கு விடை தேடுபவரே மறுவாழ்வு ஆலோசகர்.

இப்பணி, முதல் உலகப் போரில் உறுப்பிழந்த வீரர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிக்கும் முயற்சிகளிலிருந்து வளர்ந்தது. இந்தியாவில் உடல் ஊனமுற்றோருக்கான முதல் தனி வேலைவாய்ப்பு அலுவலகம் 1959இல் பம்பாயில் திறக்கப்பட்டது. 1968இல் பம்பாயிலும் ஐதராபாத்திலும் தொழில்வழி மறுவாழ்வு நிலையங்கள் தோன்றின. திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் இவ்வகை நிலையம் ஒன்று மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இயங்கிவருகிறது. அந்நகரின் ஆக்குளத்தில், 1997இல் தொடங்கப்பட்ட தேசியப் பேச்சு செவிப்புல நிறுவனம் செவித்திறன் குறைந்த மாணவருக்கும், அவர்களுக்குப் பணிபுரிய விரும்புவோருக்கும் பட்டப்படிப்புகளை நடத்துகிறது.

ஆலோசகரின் வேலையில் இரு அளவீடுகள் உள்ளன. ஒன்று, மனிதரை அளத்தல். மற்றொன்று, தொழிலை அளத்தல். மேற்கூறிய தொழிலாளிக்குக் கால்கள் செயலற்றன. ஆனால் தோள்களும் கைகளும் உரமுடையன. காயின் முதிர்ச்சியையும் சந்தை விலையையும் அவர் நன்கு அறிவார். இவை மனிதரின் பக்கத்தில் உள்ள இருப்பு. பிறகு ஒவ்வொரு தொழிலையும் பகுத்துப் பார்த்தல் வேண்டும். அதனை அமர்ந்து செய்ய இயலுமா? எவ்வளவு எடை தூக்க வேண்டும்? வாயிலில் சக்கர நாற்காலி நுழையுமா? கழிப்பறை எட்டுமா? இரண்டும் பொருந்துமிடத்தில்தான் வேலை நிலைக்கும். தேங்காய்க் கொள்முதல் நிலையத்தில் தரம் பிரித்துக் கணக்கெழுதும் வேலை அவருக்குப் பொருந்தக்கூடும்.

"பார்வையற்றவருக்குப் பிரம்பு முடைதல், காலிழந்தவருக்குத் தையல்" என்று வழக்கம்போல் பங்கிடுவது பெரும்பிழை. பொருந்தாத வேலையிற் சேர்ந்தவர் சில வாரங்களில் விலகிவிடுவார். அவரால் இயலாது என்று குடும்பம் முடிவுகட்டும். முதலாளியும் அடுத்தவருக்குக் கதவடைப்பார். ஆகவே, வேலையிற் சேர்த்த பின்னரும் ஆலோசகர் பலமுறை சென்று பார்த்தல் அவசியம்.

இத்தொழிலில் இறங்க விரும்புவோர் சட்டத்தையும் அறிதல் வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த படிப்பில் தேறி, அதன் மத்தியப் பதிவேட்டில் பெயரைப் பதிந்தவரே இத்துறையில் தொழில்புரியலாம். பதியாமல் புரிவது தண்டனைக்குரியது. படிப்பிற் சேருமுன் அதற்கு அங்கீகாரம் உண்டா என்று விசாரித்தறிவது முதற்கடமை. 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காட்டை ஒதுக்குகிறது. 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு உடையவரென்று சான்று பெற்றவர் அதற்கு உரியவர்.

களப்பணியாளரும் ஆசிரியரும் இன்றே தொடங்கக்கூடிய பயிற்சி ஒன்றுண்டு. தம் ஊரில் நடைபெறும் ஒரு தொழிலைத் தேர்ந்து, அதற்கு வேண்டிய அசைவு, பார்வை, கேள்வி, கல்வி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதுக. எவரெவரால் அதனைச் செய்ய இயலும் என்று அப்பட்டியலே காட்டிவிடும்.